காட்டுப்பூனைக்கும் அந்தத் தோட்டாவுக்கும் சம்பந்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் வேட்டைத் துப்பாக்கிகளின் வரலாறு பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதை மூன்று முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். இரும்பு வேலையைப் பற்றித் தமிழில் எழுத ஆளே இல்லை என்று பல காலமாகப் புலம்பி வருபவன் நான். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு படித்தேன். மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது என் துணைவியார் வந்து, ஆறிப்போன தேநீரை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

காட்டுப்பூனைகளைச் சுடுவதற்கென்று அமெரிக்கத் தொழிற்சாலைகள் தனியாகத் தயாரித்தவைதாம் ‘காட்டுப்பூனைத் தோட்டாக்கள்’ என்று கட்டுரையின் நான்காம் பத்தி சொல்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். பூனையும் தவறு, தொழிற்சாலையும் தவறு. பூனையையாவது மொழிபெயர்ப்பில் கால் இடறியது என்று விட்டுவிடலாம். தொழிற்சாலையை விட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தோட்டாக்களைச் செய்தவர்கள் என்னைப்போல் லேத்தின் (இரும்பு கடையும் இயந்திரத்தின்) முன் நின்று காலம் கழித்தவர்கள். அவர்கள் கணக்கில் இருப்பதை முதலாளிகள் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1966-இல் செந்தூல் ரயில்வே பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். பதினைந்து ஆண்டுகள் அங்கே டர்னராக, அதாவது லேத்தில் கடைசல் வேலை செய்பவனாக, இருந்தேன். பிறகு ஜாலான் ஈப்போ பக்கம் தனியார் பட்டறைகளில் காலம் ஓடியது. துப்பாக்கி எதையும் நான் செய்ததில்லை, வைத்திருந்ததும் இல்லை. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு குழலைக் கடைந்து பார்த்தால் என்ன என்று எவருக்காவது ஆசை வந்தால், லேத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. என் அறிவெல்லாம் ஏட்டறிவு. நான் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் இரண்டு பெட்டி நிறைய அமெரிக்கத் துப்பாக்கி இதழ்களை விட்டுவிட்டுப் போனார். கிராணி (எழுத்தர்) அவற்றைப் பழைய தாள் வாங்குபவனுக்குப் போட இருந்தார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் குறுக்கிட்டு, “ஆங்கிலம் படிக்க வேண்டும் என்றாயே தம்பி, இதைப் படி. அளவெல்லாம் நமக்குத் தெரிந்த அளவுதான், மொழி தானாக வரும்” என்று சொல்லி, ஒரு பெட்டியை என் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். அகராதியும் கையுமாக அவற்றைப் படித்து முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

முதலில் பூனையைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கர்கள் ‘வைல்ட்கேட்’ என்று சொல்வது, முறையான ஆதரவு எதுவும் இல்லாமல் துணிந்து இறங்குகிற காரியத்தை. கையிருப்பு இல்லாமல் பண நோட்டு அச்சடித்த 19-ஆம் நூற்றாண்டு வங்கிகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நிலத்தில் தோண்டும் கிணற்றுக்கும் அதே பெயர். சங்கத்தின் அனுமதி இல்லாமல் தொழிலாளர்கள் தாமாக இறங்கும் வேலைநிறுத்தத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். இதை நம் தொழிற்சங்கத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். என் அப்பா 1962 இறுதியில் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் நின்றவர். யாராவது அதை ‘வைல்ட்கேட்’ என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சங்கம் முடிவெடுத்து, அறிவித்து, நடத்திய போராட்டம் அது.

தோட்டாவிலும் பொருள் அதுதான். எந்த நிறுவனமும் தயாரிக்காத, எந்தக் கடையிலும் பெட்டியாக வாங்க முடியாத, விலைப்பட்டியலில் இல்லாத தோட்டா வைல்ட்கேட். நாளைக்கே ஒரு பெரிய நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினால், அன்றோடு அந்தப் பெயர் அதைவிட்டுப் போய்விடும். ஆகவே ‘தொழிற்சாலை தயாரித்த வைல்ட்கேட்’ என்பது ‘கல்யாணமான பிரம்மச்சாரி’ என்பதைப் போன்றது.

அது எப்படிப் பிறக்கிறது என்பதைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை. எனக்கு அதில்தான் ருசி. ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம் குடத்தின் சாயல் இருக்கும். அடி, உடல், தோள், கழுத்து. கழுத்தில் குண்டு உட்கார்ந்திருக்கும், வயிற்றில் மருந்து. இராணுவத்துக்காக லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய ஒரு கூட்டை எடுத்து, கடினமான எஃகு அச்சுக்குள் அழுத்திக் கழுத்தைச் சுருக்கினால் அதில் சிறிய குண்டு உட்காரும். மருந்து அதே அளவு, தள்ள வேண்டிய எடை குறைவு, குண்டு பறக்கும். கழுத்தை விரித்தால் பெரிய குண்டு உட்காரும், அடி பலமாக விழும். தோளைக் கீழே இறக்கலாம், சரிவை மாற்றலாம், உடலின் ஒடுக்கத்தை நிமிர்த்தலாம். பித்தளையை இப்படி நெருக்க நெருக்க அது முறுகி வெடிக்கப் பார்க்கும். பாத்திரம் அடிக்கும் கன்னாரைக் கேட்டால் தெரியும், நடுவே தீயில் காட்டிப் பதப்படுத்தாமல் வேலை ஓடாது. ஆனால் தோட்டாவின் அடிப்பாகம் கடினமாகவே இருக்க வேண்டும், கழுத்து மட்டும் இளக வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி, கூடுகளைத் தட்டில் நிறுத்தி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே தெரியும் கழுத்துக்கு மட்டும் தீ காட்டுவது. இந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் எழுந்துபோய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “நம் ஊர்ப் பத்தர் கண்டுபிடித்திருப்பார்” என்றார்.

கூடு பாதி வேலைதான். அதற்குப் பொருத்தமாகத் துப்பாக்கிக் குழலின் பின்புறத்தில் ஓர் அறையைக் கடைய வேண்டும். அந்த அறையைக் கடைய ஒரு ரீமர், அதாவது துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் வெட்டுக்கருவி, வேண்டும். அப்படி ஒரு ரீமர் உலகத்தில் எங்கும் விற்பனையில் இல்லை; தோட்டாவே புதியது, ரீமர் எங்கிருந்து வரும்? ஆகவே அதையும் அந்தப் பட்டறைக்காரனே கடைந்து, கடினப்படுத்தி, சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். தோள் உட்காரும் இடத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு ஆழம் கூடினால், சுடும்போது கூடு இழுபட்டுக் கிழியும், வெந்த வாயு சுடுபவன் முகத்தை நோக்கி வரும். அதே அளவு குறைந்தால் துப்பாக்கியின் தாழே மூடாது. இதைச் செய்தவர்களைத்தான் கட்டுரை ஒரே வரியில் ‘சில ஆர்வலர்கள்’ என்று தள்ளிவிட்டுப் போகிறது.

அந்த ஆர்வலர்களில் சிலருக்குப் பெயர் உண்டு. முதலில் ஹாரி போப். 1861-இல் பிறந்து 1950-இல் இறந்தவர். வைல்ட்கேட்காரர் அல்லர், குழல் செய்பவர். ஆனால் தனி மனிதன் ஒருவன் ஆலையைவிடத் துல்லியமாகச் செய்ய முடியும் என்பதை ஊருக்குக் காட்டியவர். அவர் குழல்களில் குண்டை வாய்ப்புறமாகவும் மருந்துக் கூட்டைப் பின்புறமாகவும் போட்டுச் சுடுவார்கள். குண்டு கோணாமல் இறங்குவதற்காகக் குழலின் வாயில் பொருத்தி எடுக்கும் ஒரு தனித் துண்டையும் அவர் செய்துகொடுப்பார். 1906-இல் சான் பிரான்சிஸ்கோவில் பட்டறை போட்டார். அந்த ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி நிலநடுக்கத்தில் எல்லாம் போயிற்று. பிறகு ஜெர்சி சிட்டியில் உட்கார்ந்து எண்பது வயது தாண்டியும் குழல் கடைந்தார். எந்தத் தேதிக்குள் முடியும் என்று வாக்குக் கொடுப்பதில்லை, வேலை நன்றாக முடிந்த பிறகு எடுத்துக்கொள், இல்லாவிட்டால் வேறிடம் போ என்ற பொருளில் பட்டறையில் ஓர் அறிவிப்பும் வைத்திருந்தார். நான் வேலை பார்த்த எந்தப் பட்டறையிலும் அப்படி ஒரு பலகை தொங்கியிருந்தால் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

அடுத்து நீட்னர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க்ளின் மேன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். குண்டு ஏன் ஒரே இடத்தில் போய் விழுவதில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சுடுபவன் கை நடுங்குவதால்தான் என்ற சாக்கை ஒழிக்க, கான்கிரீட் தூண் ஒன்றைக் கட்டி, குழலை அதன்மேல் கிடத்தி ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பார்த்தார். அவருக்கு உலோக வேலை செய்துகொடுத்தவர் அடால்ஃப் நீட்னர். பின்னாளில் மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் என்ற சிறிய ஊரில் நீட்னர் பட்டறை நடத்தினார். அமெரிக்க இராணுவம் 1906-இல் ஏற்ற .30-06 தோட்டாவின் (.30 என்பது அங்குலத்தில் குண்டின் அளவு, 06 ஆண்டு) கழுத்தை .25-க்குச் சுருக்கி, 1920-ஐ ஒட்டி அவர் ஒன்றைச் செய்தார். அதை ரெமிங்டன் என்ற பெரிய துப்பாக்கி நிறுவனம் தன் விற்பனைப் பட்டியலில் சேர்த்தது 1969-இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு! அதற்குள் நீட்னர் இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன.

சார்லஸ் நியூட்டன் வழக்கறிஞர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்காரர். அவர் வடிவமைத்த .22 தோட்டா ஒன்றை சாவேஜ் நிறுவனம் 1912-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் குண்டு 70 கிரெய்ன், அதாவது நாலரை கிராம். இவ்வளவு சிறிய குண்டை வைத்துக்கொண்டு ஹாரி கால்டுவெல் என்ற பாதிரியார் சீனாவின் பூஜியான் மாநிலத்தில் புலிகளைச் சுட்டார். நம் ஹொக்கியன் சீன நண்பர்களின் பூர்விக மண் அது. இதைப் படித்துவிட்டு யாரும் நாலரை கிராம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பாதிரியாருக்கு வேறு துணையும் இருந்திருக்கும். 1915-இல் நியூட்டன் .25 குண்டுக்கு இன்னொரு தோட்டா செய்துகொடுத்தார். அவருக்கு 100 கிரெய்ன் குண்டுதான் விருப்பம். நிறுவனத்துக்கோ விளம்பரத்தில் ‘நொடிக்கு 3000 அடி’ என்று போட ஆசை. ஆகவே குண்டை 87 கிரெய்னாகக் குறைத்து, அந்த 3000-ஐத் தோட்டாவின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டார்கள். நியூட்டன் சொந்தமாகத் துப்பாக்கி நிறுவனம் தொடங்கி ஜெர்மனியிலிருந்து ரைபிள்களைத் தருவிக்க ஏற்பாடு செய்திருந்தார். 1914 ஆகஸ்டில் உலகப் போர் வந்தது. 1918-இல் நிறுவனம் கடனாளிகள் சார்பில் வேறு கைக்குப் போயிற்று. கெட்டிக்காரர், ஆனால் நேரம் தெரியாதவர்.

கதை அங்கே முடியவில்லை. நியூட்டனின் அந்தத் தோட்டாவையே வேறு சிலர் எடுத்து அதன் கழுத்தை .22-க்குச் சுருக்கினார்கள். ஜெர்ரி கெபி என்பவர் தம்முடைய வடிவத்துக்கு 1930-களில் ‘வார்மின்டர்’ என்று பெயர் சூட்டி, பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்துகொண்டார். மற்ற பட்டறைக்காரர்கள் அந்தப் பெயரைத் தொட முடியாமல், வெறும் எண்ணாக .22-250 என்று கூப்பிட்டார்கள். ரெமிங்டன் அதை 1965-இல் ஏற்றபோது நிலைத்தது எண்தான்.

நியூயார்க்கில் சீமோர் கிரிஃபின் தச்சர். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்க வேட்டையைப் பற்றிப் படித்துவிட்டு, அதேபோல் தன் துப்பாக்கிக்கும் வாதுமை மரத்தில் கட்டை செதுக்கிக்கொண்டார். பார்த்தவர்கள் எல்லாரும் எனக்கும் ஒன்று என்றார்கள். ஜேம்ஸ் ஹவ் அரசாங்க ஆயுதச்சாலையில் இயந்திரப் பட்டறை மேற்பார்வையாளர். மரமும் இரும்புமாக இருவரும் 1923-இல் கூட்டுச் சேர்ந்தார்கள். சேர்த்துவைத்தவர் டவுன்சென்ட் வீலன் என்ற இராணுவ அதிகாரி. அதற்கு முந்தைய ஆண்டு .30-06 கூட்டின் கழுத்தை .35-க்கு விரித்து உருவான தோட்டாவுக்கு ‘வீலன்’ என்றே பெயர். கருவி பிடித்து வேலையைச் செய்தவர் ஹவ். பெயர் அதிகாரிக்கு, எண்ணெய்க் கறை டர்னருக்கு. ரெமிங்டன் அதை ஏற்றது 1988-இல்.

சட்டத்தாலும் புதிய தோட்டாக்கள் பிறந்திருக்கின்றன. பிரிட்டிஷ் அரசு 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர்; .577 கூட்டின் கழுத்தை .450-க்குச் சுருக்கியது என்று அந்தப் பெயரே சொல்கிறது. அதே அளவுக் குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் .450 வேட்டைத் துப்பாக்கிகளைக் கொண்டுவரத் தடை போட்டார்கள். லண்டன் துப்பாக்கி வணிகர்கள் அசரவில்லை. .465, .470, .475 என்று நூலிழை தள்ளி வரிசையாகப் புதிய அளவுகளைப் பெற்றுப் போட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே கதை நடந்தது. நியூ சவுத் வேல்ஸில் இராணுவ அளவான .303-க்குக் கட்டுப்பாடு வந்தபோது, அங்குள்ள பட்டறைக்காரர்கள் கழுத்தை .25-க்குச் சுருக்கிவிட்டு இது .303 இல்லையே என்றார்கள்.

பி. ஓ. ஆக்லியைப் பற்றி எழுதாமல் விட்டால் என் பெரியவரின் ஆவி என்னைச் சும்மா விடாது. 1903-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் நகரக் கல்லூரியில் துப்பாக்கி வேலை கற்றுக்கொடுத்தார். அவருடைய உத்தி மிக எளியது. துப்பாக்கியின் அறையை மட்டும் கொஞ்சம் பெரிதாக, உடல் நிமிர்ந்து தோள் 40 பாகை சரிவில் இருக்கும்படி கடைந்துவிடுவார். கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால், வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து புதிய வடிவத்துக்கு வந்துவிடும். அச்சும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம், துப்பாக்கியே அச்சு. அடுத்த முறை அதே கூட்டில் மருந்து கூடுதலாகக் கொள்ளும். புதுத் தோட்டா கிடைக்காத ஊரில் பழைய தோட்டாவையே சுடலாம். இதைவிடச் சிக்கனமான பட்டறை யோசனையை நான் கண்டதில்லை.

அதே ஆக்லிதான் பல நாடுகளின் இராணுவத் துப்பாக்கிகளை எடுத்து, மருந்தை ஏற்றிக்கொண்டே போய் எது எப்போது வெடிக்கிறது என்று சோதித்தார். எல்லாவற்றையும் தாண்டி நின்றது ஜப்பானியரின் 6.5 மில்லிமீட்டர் அரிசாக்கா. 1941 டிசம்பரில் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் கையில் இருந்த துப்பாக்கி வகை. ஓர் அமெரிக்கர் அப்படி ஒன்றில் அறையை மட்டும் .30-06-க்குக் கடைந்துவிட்டு, குழலை மாற்றாமலே சுட்டுக்கொண்டிருந்தார். பெரிய குண்டு சிறிய குழலுக்குள் பிதுங்கிப் பிதுங்கி வெளியேறியிருக்கிறது. அவர் சொன்ன குறையெல்லாம் தோளில் உதை கொஞ்சம் அதிகம் என்பதுதான். துப்பாக்கி உடையவில்லை. என் தாத்தாவை சயாம் ரயில் பாதை போட அழைத்துப் போனவர்கள் இந்தத் துப்பாக்கியைத்தான் தோளில் வைத்திருந்தார்கள். அவர் திரும்பவில்லை. பாட்டி அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். ஆனாலும் எஃகு நல்ல எஃகு. அதைப் பதப்படுத்தியவன் வேலை தெரிந்தவன். பகைவன் செய்தது என்பதற்காக அளவை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

இந்தத் தோட்டாக்கள் அத்தனையும் அற்புதம் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை வீண். பக்கத்துப் பட்டறைக்காரனுடையதிலிருந்து மயிரிழை மாற்றித் தன் பெயரை ஒட்டிக்கொண்டவை நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆக்லியே யானைக்கான பெரிய கூட்டின் கழுத்தை .22-க்கு நெரித்து, நொடிக்கு 5000 அடியைத் தாண்டப் பார்த்து, 4600-இல் நின்றுபோனார். அதற்கு அவர் வைத்த கேலிப் பெயரைத் தமிழில் ‘காதைப் பிளக்கும் பெருவெடியான்’ என்று சொல்லலாம். அவருக்குத் தன் வேலையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். 1987-இல் நான் இருந்த ஒரு பட்டறையில் பம்புகளின் வெண்கலப் புஷ்களுக்கு (தண்டு சுழலும் உள்வளையங்களுக்கு) சரிவுத் துளை போட வேண்டியிருந்தது. வாங்கி வந்த ரீமர்கள் கடித்து இழுத்து, துளையைப் பல்லுப் பல்லாக்கின. நான் மூன்று வாரம் உட்கார்ந்து, வெட்டுப் பள்ளங்களை இடப்பக்கமாகச் சுழலவிட்டு ஒன்று செய்தேன். கண்ணாடிபோல் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தவுக்கே (பட்டறை முதலாளி) அதைப் பார்த்து ஆறு செய்யச் சொல்லி, தன் பட்டறையின் முத்திரையைக் குத்தி, கிள்ளானில் இரண்டு பேருக்கு விற்றார். சீனப் பெருநாளுக்கு எனக்கு 50 வெள்ளி அங்பாவ் (அன்பளிப்பு) வந்தது. முதல் ரீமர் இன்னும் என்னிடம் மைலோ டப்பாவில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கிறது.

ஆகவே வரும் ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ‘பட்டறைத் தோட்டா’ என்று எழுதலாம், பூனையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படம் ரைபிள் தோட்டாவே அல்ல. அது ‘12 போர்’ (bore) என்ற குழல் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா, கழுத்தும் இல்லை தோளும் இல்லை. பந்திங் பக்கத் தோட்டத்தில் காவல் இருந்த என் மாமா, பன்றி விரட்ட அப்படி இரண்டு தோட்டாக்களைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஒன்று மழையில் நனைந்து ஊதிப்போய்த் துப்பாக்கிக்குள் போகவே போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
செந்தூல், கோலாலம்பூர்.